முப்பது ஜிபியும் ஒரு பட்டன் போனும்

போன வியாழக்கிழமை மத்தியானம், லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நான் நான்தான் என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டேன். நிரூபிக்க வேண்டியிருந்தது போலீஸிடம் இல்லை, விமான நிலைய அதிகாரியிடமும் இல்லை. மதுரையில் இருக்கும் என் மனைவியிடம்!

தோற்றும் போனேன்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மகள் நித்யா லண்டனில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் வந்து மூன்று வாரம் இருங்கள் என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வசந்தாவுக்கு முழங்கால் வலி. “பத்து மணி நேரம் காலை மடக்கி உக்கார என்னால ஆகாது. நீங்க போய் அவளைப் பார்த்துட்டு வாங்க” என்று என்னை மட்டும் அனுப்பிவைத்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இத்தனை நாள் பிரிந்திருப்பது இதுதான் முதல் தடவை.

வெளிநாடு கிளம்புகிறவனுக்கு பாஸ்போர்ட்டுக்கு அடுத்த கவலை என்ன? டேட்டா! நாலு பேரிடம் விசாரித்து, முப்பது ஜிபி தருகிற டிராவல் சிம் ஒன்று வாங்கினேன். டேட்டா மட்டும்தான், அதில் சாதாரண கால் பேச முடியாது. “இந்தக் காலத்துல யாரு சார் சாதா கால் பேசறாங்க?” என்றார் விற்றவர். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். என் பழைய சிம்மைக் கழற்றி வசந்தாவின் போனில் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். பேங்க் ஓடிபி வந்தால் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. எவ்வளவு புத்திசாலி நான்!

வசந்தாவின் போன் பட்டன் போன் என்பதை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவீர்கள். ஸ்மார்ட் போன் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்” என்பாள். நித்யாவுடன் பேசுவதெல்லாம் என் வாட்ஸ்அப்பில்தான்; அவள் நம்பர்கூட வசந்தாவின் போனில் கிடையாது. ஆக, எங்கள் வீட்டின் ஒரே இன்டர்நெட்டை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டேன். இது எனக்கு உறைத்தது ஹீத்ரோவில் இறங்கிய பிறகு.

போனை ஆன் செய்ததும் என்ன வேகம் என்கிறீர்கள்! ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள் எழுபது வந்து விழுந்தன. ஸ்கூல் நண்பர்கள் குரூப்பில் அரசியல் சண்டை. ரிட்டயர்டு குரூப்பில் பென்ஷன் சண்டை. உலகமே என்னைத் தேடி வந்தது... ஒருத்தியைத் தவிர.

கீழ் வீட்டு ரமேஷுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டேன். நல்ல மனிதர். போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் வசந்தாவிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டார். பின்னாலேயே அவர் மனைவி, மாமியார், இரண்டு குழந்தைகள். “சார், அங்க குளிரா?” “சார், அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறிட்டீங்களா?” நடுவில் வசந்தாவின் முகம் ஒரு ஓரமாகத் தெரிந்தது. “சாப்பிட்டீங்களா?” என்றாள். “ம்” என்றேன். “மாத்திரை?” “ம்.” முடிந்தது.

எனக்கு அவளிடம் வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது. அதை ரமேஷின் மாமியார் முன்னால் சொல்ல முடியாது.

கிளம்பின அன்று நடந்தது இது. வாசலில் டாக்ஸி நிற்கிறது. பெட்டியை மூன்று தடவை எடை போட்டு, பூட்டி, கயிறும் கட்டியாயிற்று. அப்போது வசந்தா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். மணத்தக்காளி வத்தல், நித்யாவுக்கு. “உனக்கு ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா? எல்லாம் கட்டி முடிச்சாச்சுன்னு தெரியலையா?” என்று கத்திவிட்டேன். டிரைவர் வேறு திரும்பிப் பார்த்தார். அவள் பொட்டலத்தோடு உள்ளே போனாள். டாக்ஸி கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை.

இங்கே பெட்டியைத் திறந்ததும் நித்யா கேட்ட முதல் கேள்வி - “அம்மா மணத்தக்காளி வத்தல் குடுக்கலையா?”

இடம் இல்லை என்று சொல்லி வைத்தேன். பெட்டியில் தாராளமாக இடம் இருந்தது.

நாலாம் நாள் ரமேஷ் குடும்பம் உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பிவிட்டது. இருந்த ஒரு வழியும் அடைபட்டது. நித்யாவின் போனிலிருந்து வசந்தாவின் நம்பருக்கு சாதாரண கால் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. “அம்மா நல்லாத்தான் இருப்பாப்பா. எனக்கு ஆபீஸுக்கு லேட்டாச்சு” என்று நித்யா ஓடிவிட்டாள். அவள் திரும்பி வரும்போது மதுரை தூங்கிப்போயிருக்கும். டாக்ஸி விஷயத்தை நான் மகளிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

வசந்தா ஏன் எடுக்கவில்லை? காரணம் நான்தான். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் போன் மோசடிகளைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டு நம்பரை எடுக்காதீர்கள், வேண்டியவர் குரலிலேயே பேசினாலும் நம்பாதீர்கள், இப்போது குரலைக்கூட காப்பி அடிக்கிறார்கள் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். உங்களில் எத்தனை பேர் அதைப் பின்பற்றினீர்களோ தெரியாது. ஒரே ஒரு வாசகி அட்சரம் பிசகாமல் பின்பற்றிக்கொண்டிருக்கிறாள்.

பகலில் வீட்டில் தனியாக இருப்பேன். பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசிக்கும்போது, அங்கே நாலரை, காபி போடுகிற நேரம் என்று மனம் கணக்குப் போடும். அவள் ஒரு டம்ளர் போடுவாளா, கை மறந்து இரண்டு போடுவாளா? இருபத்தெட்டு ஜிபி மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவள் போனில் “ம்... சொல்லுங்க” என்பாளே, அந்த ஒரு “ம்”முக்காக ஏங்கிப்போனேன். ஆமாம், ஏங்கித்தான் போனேன். அறுபத்து நாலு வயதில் இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த மளிகைக் கடைக்குப் போக ஆரம்பித்தது மணத்தக்காளி வத்தல் தேடித்தான். கடைக்காரர் பாலன் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக லண்டன்வாசி. “வத்தல் முடிஞ்சுது ஐயா. வாற கிழமை வரும்” என்றார். அடுத்த வாரம் என்று அர்த்தம். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போய் நின்றேன்.

“மூண்டு நாளா வாறியள், ஒண்டும் வாங்காமல் போறியள். என்ன பிரச்சினை ஐயா?” என்று கேட்டார்.

முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சில சமயம் சுலபமாக இருக்கிறது. டாக்ஸி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் இஞ்ச வந்த காலத்திலை ஊரிலை போனே இல்லை. இன்ன திகதி, இன்ன நேரம் எடுப்பன் எண்டு கடிதம் போடுவன். அம்மா பஸ் மாறி மாறி கொழும்புக்கு வந்து, போன் கதைக்கிற கடையிலை காத்துக்கொண்டு இருப்பா. நான் எடுத்தால் அரைவாசி நேரம் அழுவா. மிச்ச நேரம் சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டு கேப்பா. போனை வச்சாப் பிறகுதான் ரெண்டு பேருக்கும் சொல்ல வந்தது ஞாபகம் வரும்” என்றார். பிறகு தன் போனை எடுத்து நீட்டினார். “இந்தாங்கோ, இதிலை எடுங்கோ. இந்தியாவுக்கு எவ்வளவு நேரமும் கதைக்கலாம்.”

மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள், சண்டை போடுவதற்காக.

“யாருய்யா அது? சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருக்க?”

அந்தக் குரலைக் கேட்டதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “வசந்தா... நான்தாம்மா. லண்டன்ல இருந்து.”

“அவர் குரல்லயே பேசுறியா? இப்படி எவனாவது பேசுவான்னு அவர் முன்னாடியே சொல்லி வச்சிருக்கார்” என்றாள்.

“சத்தியமா நான்தான். அன்னிக்குக் கிளம்பும்போது நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது வசந்தா. தப்புதான். ஸாரி. அதைச் சொல்லத்தான் ஒரு வாரமா தவிச்சுக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“இங்க பாருய்யா. எங்க வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட ஸாரின்னு சொன்னதில்ல. சரியா மாட்டிக்கிட்ட. வை போனை!”

வைத்துவிட்டாள்.

பாலன் என் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். “ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வழமையா மன்னிப்புக் கேக்கிற ஆளோ?”

“இல்ல.”

“அப்ப அவ எப்பிடி நம்புவா? வழமையா எப்பிடிக் கதைப்பியளோ, அப்பிடிக் கதையுங்கோ.”

திரும்ப அடித்தேன். எடுத்தாள்.

“ஏய், ஒரு போனை எடுக்க உனக்கு எவ்வளவு நேரம்? மோட்டரை ஆஃப் பண்ணினியா, இல்ல டேங்க் நிறைஞ்சு தெருவெல்லாம் வழியுதா?”

“...ஆஃப் பண்ணிட்டேங்க” என்றாள் வசந்தா. அவள் குரல் லேசாக உடைந்தது. “ம்... சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?”

என்னை என் மனைவி அடையாளம் கண்டுகொண்டாள். எதை வைத்து என்று யோசித்தால்தான் சங்கடமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு வீட்டில் இதுதான் அடையாளம்? அன்பாகப் பேசினால் எவனோ மோசடிக்காரன், எரிந்து விழுந்தால் சாட்சாத் நம் ஆள்!

இருபது நிமிடம் பேசினோம். பால்காரர் லேட்டாக வருவது, அவள் முழங்கால், நித்யா இளைத்திருப்பது... ஒன்றுமில்லாத பேச்சுதான். கடையில் ஒரு அம்மா வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் அரிசி மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். டாக்ஸி பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

வைக்கப் போகும் நேரத்தில் வசந்தா சொன்னாள்.

“உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் பேசினாருங்க. உங்க குரல்லயே.”

“அப்படியா? என்ன சொன்னான்?”

“தப்புதான், ஸாரின்னாரு. ஒரு வாரமா தவிச்சுக்கிட்டு இருக்காராம். நல்ல மனுஷனாத் தெரிஞ்சுது.”

நான் மறுபடியும் அரிசி மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வரும்போது அவரையும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.