நில் என்று சொல்லாத இடம்

என் தங்கை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது நான் பாளையங்கோட்டையில் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாக இருந்தேன். மருத்துவ நுழைவுத் தேர்வை நான் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறவிட்டிருந்தேன். அவள் ஒரே முறை எழுதினாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு சிறிய வாடகை வீட்டில் இருவரும் இருந்தோம்.

களக்காட்டிலிருந்து அப்பா மாதம் ஒருமுறை வாழைத்தாரோடு பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரரிடம், "எம்மவ டாக்டருக்குப் படிக்கா" என்பார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவன் பேப்பர்ல இருக்கான்" என்பார். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்கு வரும்போது குரல் இறங்கும். ஒவ்வொரு மாதமும் அதைக் கவனித்தேன்.

அச்சகத்தில் பிழை திருத்துவது இரண்டு பேர் வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சடித்த தாளில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே வருவார். பிழை தட்டுப்பட்டால் "நில்" என்பார். அது வராதவரை வாசிப்பவர் நிற்க மாட்டார். பேசாமல் இருந்தால் சரி என்று பொருள். இந்த முறையைத் தங்கைக்கு நான்தான் பழக்கினேன். அவள் பாடத்தை ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள். நான் புத்தகத்தில் பென்சிலோடு தொடர்வேன்.

உடற்கூறியல் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அதில் தவறினால், கூடப் படிப்பவர்களை விட்டு ஆறு மாதம் பின்தங்க வேண்டும். இதயத்தின் வலது மேலறையைக் கட்டாயம் கேட்பார்கள் என்று கல்லூரியில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவள் கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டு இதயத்தை வாங்கிவந்து, துவைக்கிற கல்லில் வைத்து, பிளேடால் அந்த அறையைத் திறந்தாள்.

"அண்ணே, இங்கன விரலை வச்சிப் பாரேன். பின்பக்கம் வழுவழுன்னு இருக்கு. முன்பக்கம் சீப்புப் பல்லு மாதிரி வரிவரியா இருக்கு."

"கறிக்கடை வேலை எனக்கு எதுக்குட்டி?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்பு ஓடுது பாரு. நம்ம தோட்டத்து வரப்பு கணக்கா."

பார்த்தேன். இடது மேலறையிலிருந்து அதைப் பிரிக்கும் சுவரில், விரல் நுனியால் அழுத்தியதுபோல ஒரு குழி இருந்தது. கருவில் இருக்கும்வரை அது வாசல். பிறந்தபின் வாசல் மூடிக்கொள்கிறது, குழி மட்டும் மிஞ்சுகிறது. தொட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் எனக்கு இடம் கிடைக்காத ஒன்றில் அவள் தயவால் விரல் வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் அப்பாவின் கடிதம் வந்தது. எனக்கு எழுதியதுதான். இரண்டு பக்கமும் அவள் தேர்வைப் பற்றியே இருந்தது. சாயங்காலம் அவள் ஒப்பிக்க உட்கார்ந்தாள். வலது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகள் இரண்டு. தலையிலும் கைகளிலும் இருந்து வருவது மேலே திறக்கிறது. அந்த வாயில் வால்வு கிடையாது. வயிறு, கால்கள் பக்கமிருந்து வருவது கீழே திறக்கிறது. அதன் ஓரத்தில் மெல்லிய மடல் போல ஒரு வால்வு உண்டு. புத்தகம் இப்படிச் சொன்னது. அவள் மேல் வாயில் வால்வு உண்டு, கீழ் வாயில் கிடையாது என்று மாற்றி ஒப்பித்தாள்.

என் பென்சில் அந்த வரியில் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். செவ்வாயும் புதனும் அதே இடத்தில் அதே பிழை. இரண்டு நாளும் பேசாமல் இருந்தேன். மறதியால் விட்டதல்ல. ஒவ்வொரு முறையும் அந்த வரி வருவதற்காகக் காத்திருந்தேன்.

தேர்வு முடிந்த அன்று மாலை செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள்.

"அண்ணே, வலது மேலறையத்தான் கேட்டாரு. மேல வாயில வால்வு இருக்குன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. இதயத்தை எடுத்து எங்கையில குடுத்து, 'காட்டும்மா'ன்னாரு. விரலை விட்டா மேல ஒண்ணுமே இல்ல. கீழ மெல்லிசா மடல் தட்டுது. 'சார், மாத்திச் சொல்லிட்டேன்'னேன். சிரிச்சிட்டாரு."

"பாஸ் போட்டுருவாரா?"

"'கை நல்லாப் பழகியிருக்கு'ன்னாரு. அது போதும்."

தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, மூணு நாளா உங்கிட்ட அதைத் தப்பாத்தான ஒப்பிச்சிருக்கேன்? நீ நில்லுன்னே சொல்லலியே."

சொல்வதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று உண்மை.

"கண்ணு அசந்துட்டுட்டி" என்றேன்.

"நல்லாத் திருத்துனே, போ! உம் பேப்பரைக் காசு குடுத்து வாங்குதவன் பாவம்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் திருத்திய பக்கத்தில் பிழை தங்காது என்று அலுவலகத்தில் பெயர் எடுத்திருந்தேன். வீட்டில் மட்டும் கண் அசருகிற ஆளாக இருக்க ஒப்புக்கொண்டேன். மற்றதைவிட அது மேல்.

அவள் தேறினாள். அடுத்த தேர்வுக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூடப் படிக்கும் தோழி ஒருத்தி புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து அறையில் நான் அன்றைய பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். தங்கை ஒப்பிக்க, தோழி இடையிடையே "நில்லு, நில்லு" என்றாள். தங்கை ஒவ்வொரு முறையும் நின்று, திருத்திக்கொண்டு மேலே போனாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த சொல் அது. அந்தத் தோழியின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.