அம்மாவும் மூன்று பேரும் ஓடிய ரிலே

நீங்கள் எப்போதாவது அம்மாவோடு கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நீங்கள் நடந்திருக்கவே மாட்டீர்கள், ஓடியிருப்பீர்கள். "இன்னாடா, இருபத்திரண்டு வயசுல இப்டி மூச்சு வாங்குற?" என்று நடுரோட்டில் என் மானத்தை வாங்கிவிட்டு, அம்மா பிளாட்பாரத்தில் சீட்டுக்குத் துண்டு போடத் தயாராக நிற்பார்.

அம்மாவின் முதலாண்டு நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் வேலை எனக்கு வந்ததும் அக்கா போட்ட ஒரே கண்டிஷன், "மரியாதையா எழுது." முயற்சி செய்கிறேன். அழுகாச்சியாக எழுதினால் அம்மாவே எழுந்து வந்து திட்டுவார், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்மா பிறந்தது நந்திதுர்க் மைன் தொழிலாளர்களின் லைன் வீட்டில். தாத்தாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. பாறை விழுந்து அவர் கால் ஒன்று நசுங்கியபோது அம்மாவுக்கு ஏழு வயது. பிறகு அவருக்கு மேலே ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அம்மா கோரமண்டலுக்கு வந்தார். மைன்ஸ் மூடியதும் அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா உட்காரவில்லை. காலை முதல் ரயிலில் பெங்களூரு கார்மென்ட்ஸ், ராத்திரி ரயிலில் வீடு. அப்படித்தான் அக்காவும் நானும் டிகிரி முடித்தோம். ஐம்பத்தைந்து வயதில் கிட்னி இரண்டும் மக்கர் செய்தன. அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எல்லா மைன்களும் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் நடத்துவார்கள். ஒரு வருஷம் முதல்முதலாகப் பெண் பிள்ளைகளுக்கும் ரிலே வைத்தார்கள். நந்திதுர்க்கில் இருந்து நான்கு பேர்: ஸ்டெல்லா, விமலா, முனியம்மா, கடைசியாக ஓட அம்மா. முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை, வெறுங்கால். ஜெயித்தார்கள். ஆனால் மைனில் வேலை செய்பவரின் பிள்ளைகள்தான் ஓடலாம் என்பது ரூல். அதனால் ரெஜிஸ்டரில் ஓடியவள் பெயரை எழுத மாட்டார்கள். மைனில் அவள் அப்பாவுக்குக் கொடுத்த டோக்கன் நம்பரையும் அவர் பெயரையும்தான் எழுதுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் கிளப்பில் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஹாக்கி, ஃபுட்பால், பாக்ஸிங் ஆட்கள் எல்லோருக்கும் சால்வை. மைதானத்துச் சுவரில் பெயர்களும் எழுதியாயிற்று. செக்ரட்டரி பாஸ்கர் மாமா அந்த ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் லிஸ்ட் போட்டிருந்தார். மைக்கில் கூப்பிட்டார்: "அடுத்து, ரிலே சாம்பியன்..."

வந்தது தாத்தாவின் பெயர்.

எண்பத்து நான்கு வயது. ஒரு கால் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்தது. தாத்தா கம்பை ஊன்றி மேடை ஏறினார், சால்வையை ஜம்மென்று போட்டுக்கொண்டார், மைக்கைப் பிடித்தார்.

"நான் ஓட்னது ஒரே தபாதான். உள்ள பாறை வெடிச்சப்போ, கேஜ் லிஃப்ட் வரிக்கும். அதுலயும் லாஸ்ட்டு. ரிலே ஓட்னது அதோ, மூணாவது வரிசைல குந்திகினு இருக்குதே, என் பொண்ணு."

விசில் பறந்தது. பாஸ்கர் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ரெஜிஸ்டர்ல இன்னா இருக்குதோ அதான் எழுதனோம்."

"ரெஜிஸ்டர்ல எங்கப்பா ஓட்னார்னு இருக்குது இல்ல? ஓட சொல்லு, பாக்கலாம்" என்றார் அம்மா.

சிரிப்பு அடங்கியதும் மாமா இறங்கி வந்தார். அம்மாவின் பெயரை உடனே மாற்றிவிடலாம், மற்ற மூவர் யார் என்று கமிட்டிக்குத் தெரியாது, அவர்களை "மற்றும் குழுவினர்" என்று போட்டுவிடலாம் என்றார். நானாக இருந்தால் டீல் ஓகே என்று சொல்லியிருப்பேன்.

"நாலு பேரு கை மாத்துனாதான்டா ரிலே. என் பேர மட்டும் எழுதுனா நான் தனியா ஓட்ன மாரி ஆயிடும். நாலும் எழுது. இல்லன்னா சுவத்த காலியா வுடு."

அப்படியானால் ஓடியது டோக்கன்காரர் இல்லை, இன்னார்தான் என்று அந்தந்த வீட்டில் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அம்மா என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். "சீக்கிரம் போடா, என்கிட்ட டைம் இல்ல" என்பார். கிண்டலாகத்தான் சொல்வார். உண்மையும் அதுதான். அந்த நான்கு பெயரையும் சுவரில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வது என்று இருந்தார்.

ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டில் கையெழுத்தோடு பிளம் கேக்கும் கிடைத்தது. விமலா ஆன்ட்டி பெங்களூரில் இருந்தே அனுப்பிவிட்டார். சிக்கல் மூன்றாவது டோக்கனில். அது, இப்போது மைசூர் மைன்ஸ் பக்கம் குடியிருக்கும் சேகர் அண்ணனின் அப்பாவுடையது. அவர் இறந்து ரொம்ப நாளாகிறது. விழாவில் அவருக்குக் கொடுத்த சால்வையை அண்ணன் படத்துக்கே போர்த்தி, கீழே "ஓட்ட வீரர்" என்று ஸ்டிக்கரும் ஒட்டி வைத்திருந்தார்.

"இன்னாக்கா நீ, எங்கப்பா ஓடலன்னு என்னையே எழுதிக் குடுக்க சொல்றியா? என் பையன் ஸ்கூல் ஃபுல்லா சொல்லிட்டான்க்கா."

அம்மா அவர் கொடுத்த காபியை முழுசாகக் குடித்தார். டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீர்க் கணக்கு அன்றைக்கு அவ்வளவுதான்.

"உங்கப்பா ஓடலடா. முனியம்மா அப்பா கான்ட்ராக்ட் ஆளு, டோக்கனே கெடையாது. பேர் குடுக்கற அன்னிக்கி அவ அழுதுகினு நின்னா. உங்கப்பாதான் வந்து, 'என் நம்பர போடு, இதுவும் என் பொண்ணுதான்'னாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தா அவரு வேல காலி. நாங்க சும்மா ஓட்னோம். தில்லு அவருதுதான்."

அண்ணன் அப்பாவின் படத்தில் இருந்த சால்வையை இழுத்துச் சரிசெய்தார். உள்ளே இருந்து அண்ணியின் குரல் வந்தது: "போடுங்க கையெழுத்த. உங்கப்பா பஸ்ஸுக்கே ஓட மாட்டாரு, நான்தான் நிறுத்தி வெப்பேன்."

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். "முனியம்மாக்கா பேருக்குக் கீழ அப்பா பேரும் வரணும்" என்றார்.

"கீழ இன்னாத்துக்கு? பக்கத்துலயே எழுத சொல்றேன்."

முனியம்மா ஆன்ட்டி பங்காருபேட்டையில் பூ விற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டார். "பேரா? சுவத்துலயா? வூட்டு கரண்ட் பில்லுலயே என் பேரு இல்லடி." இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தில் பூ வாங்க வந்தவர்கள் பயந்துபோய் நின்றார்கள்.

கடிதங்களைக் கொடுத்தோம். கமிட்டி கூடவில்லை, தேர்தல் வந்தது, மழை வந்தது. அம்மா டயாலிசிஸ் வார்டில் ரிப்போர்ட்டைச் சுருட்டி நர்ஸ் பெண்களுக்குக் கை மாற்றப் பழக்கிக்கொண்டிருந்தார். "திரும்பிப் பாக்காத! கைய நீட்டு, அவ வெப்பா!" பக்கத்து பெட் பெரியவர் ஸ்டார்ட்டர், வாயாலேயே டுமீல் என்பார். போன வருஷம் இதே வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் அம்மா போய்விட்டார். முந்தின நாள் சாயந்திரம் கடைசியாக என்னிடம் கேட்டது, "கமிட்டி கூடிச்சா?"

போன மாதம்தான் கூடியது. நான்கு பெயரும் எழுதலாம், மூன்றாவது பெயரின் பக்கத்தில் டோக்கன் கொடுத்தவர் பெயரும் எழுதலாம் என்று முடிவானது.

வார்டில் அம்மாவுக்கு ஈடுகொடுத்த நர்ஸ் அக்காமாருக்கும், ஆஸ்பத்திரி நாட்களில் எங்களைச் சமைக்கவே விடாத லைன் வீட்டாருக்கும், ரயிலில் அம்மாவுக்குச் சீட் பிடித்து வைத்த கார்மென்ட்ஸ் தோழிகளுக்கும், கையெழுத்துப் போட்ட மூன்று வீட்டாருக்கும், மைக்கில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுச் சால்வையை மட்டும் இன்றுவரை திருப்பித் தராத தாத்தாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாஸ்கர் மாமாவுக்கும்தான். சுவரில் எழுத ஏணி அவர் கொடுத்தது.

இதை மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் டைப் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று பெயர் முடிந்துவிட்டது. அம்மாவுடையது பாக்கி. பெயின்ட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.