கத்திக்கு அளவெடுத்த கால்

மான் தோலை உரிக்க ஒரு சின்னக் கத்தி வரைந்து கொடு என்று என் முதலாளி சொன்ன நாள் வரை, நான் உரித்ததிலேயே பெரிய உருப்படி வாழைப்பழம்தான். ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அப்போது நான் டிசைனர். மாடியில் கம்ப்யூட்டரில் நான் வரைவது கீழே மெஷினில் இரும்பாகும். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு வேட்டைச் சாமான் வியாபாரி முதலாளிக்குச் சிக்கியிருந்தார்.

முதலாளிக்கு உள்ளூர நடுக்கம். "இன்னாம்மா, மான் கீன்னு சொல்றான். ஃபாரஸ்ட்காரன் நம்மள புடிச்சிக்கினு பூட மாட்டானே?" என்றார். அவர்கள் ஊரில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் சுடுவார்கள் என்று சொன்னதும் தெளிந்தார். தெளிந்த கையோடு என் தலையில் ஒரு குண்டைப் போட்டார். "சாம்பிள் ஓகே ஆச்சுன்னா உன்ன பர்மனென்ட் பண்ணிர்றேன். ஆவலன்னா பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' என்னவென்று எனக்குத் தெரியும். கோவில்பட்டியில் அப்பா அதற்காகவே காத்திருந்தார். வேலை நிலைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை மகன் நல்லவன்தான். ஆனால் வாய் நிறைய சேமியா பாயசத்தை வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசுவான். ஆயுசு முழுக்க அதற்குத் தலையாட்ட என்னால் ஆகாது.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். எந்தச் சாமானைச் செய்தாலும் முதலில் அதைப் புழங்குகிறவரைப் போய்ப் பார் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். மான் உரிக்கிறவருக்கு நான் எங்கே போவேன்? ஆடு உரிக்கிறவர் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தேன். உரிக்கிற வேலையெல்லாம் விடிவதற்குள் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது.

கறிக்கடை அண்ணன் தரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கத்தி அவர் கையில் இல்லை. கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் விறைப்பாக நின்றது. இரண்டு கையாலும் கறியைப் பிடித்து அதில் இழுத்தார்; துண்டு துண்டாக விழுந்தது. அசந்துவிட்டேன். வீட்டு அரிவாள்மணையும் அப்படித்தானே, காய்தான் கத்தியிடம் போகும். ஆக, தோல் உரிப்பதும் இப்படித்தான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்த பெண், கேட்பேனா?

கேட்டது வேறு. "அண்ணே, ஒங்க கால் கட்டவெரல கொஞ்சம் அளந்துக்கிடட்டுமா?"

"இன்னாம்மா, ஷூ கம்பெனியா?"

"இல்லண்ணே. கத்தி கம்பெனி."

அவர் தன் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காலைக் கழுவிக்கொண்டு ராஜா மாதிரி நீட்டினார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீளம், அகலம், சுற்றளவு எல்லாம் எடுத்தேன். ஈரலுக்காக நின்றிருந்த ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ பொண்ணு, கால அப்பாலிக்கா பாத்துக்கோ. வூட்ல ஒல கொதிச்சிக்கினு கீது!"

கத்தி பிறந்தது. உள்ளங்கை நீளம், வளைந்த முனை, கைப்பிடியின் கழுத்தில் கால் கட்டைவிரல் கச்சிதமாக உட்கார ஓர் அரைவட்டப் பள்ளம். "இது இன்னாத்துக்கு?" என்று முதலாளி கேட்டதற்கு, "பிடிமானத்துக்கு சார்" என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை இரவில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாததுதான் குறை.

வியாபாரி வருவதற்கு முந்தின நாள், கத்தியைச் சோதித்துப் பார்க்க விடியற்காலையிலேயே கறிக்கடைக்குப் போனேன். அன்றுதான் உரிப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆடு கொக்கியில் தலைகீழாகத் தொங்கியது. அண்ணன் நின்றபடி, கையில் கத்தி பிடித்து ஒரு கீறல் போட்டார். பிறகு முஷ்டியை உள்ளே விட்டுத் தள்ளி, ஈரப் பனியனைக் கழற்றுவது போலத் தோலைக் கழற்றினார்.

"அண்ணே, கால்ல உரிக்க மாட்டியளா?"

"தொங்குற ஆட்ட கால்ல எப்டிம்மா உரிக்கிறது? நான் இன்னா சர்க்கஸ்லயா கீறேன்?"

இரும்பில் தோண்டிய பள்ளத்தை மண் போட்டா மூட முடியும்? வேறு கத்தி செய்ய நேரமும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வழி நெடுக அத்தை மகன் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தான். ஒரு வார்த்தை புரியவில்லை.

மறுநாள் வியாபாரி வந்தார். மலை போல ஆள். கைவிரல் ஒவ்வொன்றும் நம்மூர்க் கால் கட்டைவிரல் பருமன். கத்தியை எடுத்தார். சுட்டுவிரல் தானாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எழுந்து நின்று காற்றிலேயே ஒரு மானை உரித்துக் காட்டினார். ரத்தப் பிசுக்கில் விரல் வழுக்காத கத்தியைத்தான் இத்தனை நாள் தேடினாராம். இந்தப் பள்ளம் எப்படித் தோன்றியது என்று கேட்டார். நேரில் போய் விரலை அளந்தேன் என்றேன். அதில் பொய் ஏதாவது உண்டா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கை நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

கத்திகள் கப்பலேறின. அடுத்த ஞாயிறு அண்ணனிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த ஊர்ல வேட்டைக்கிப் போறவன்லாம் என் கால தொட்டுக்கினு கீறான்ற?"

"ஆமாண்ணே."

அவருக்கு முகமெல்லாம் பல். கறி ஒட்டிய கையை அப்படியே உயர்த்தி, "எல்லாரும் நல்லா இருக்கட்டும்" என்றார்.

"எனக்கும் வேல பர்மனென்ட் ஆயிருச்சுண்ணே" என்றேன்.

"ஆவாம? மொத ஆளா வந்து தொட்டவ நீதான?" என்று சொல்லிவிட்டு, ஈரலில் ஒரு துண்டை எடுத்து என் கறிப் பொட்டலத்தில் போட்டார்.