பன்னிரண்டு வசனம் பேசிய சூனியக்காரி

டோரீன் ஹாஸ்கலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஊர் நூலகத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடு எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் மதியச் சாப்பாடு பரிமாறியவள். குண்டுக் கன்னம், சிரித்தால் குழி விழும். நான் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் இந்த மூலைக்கு, அக்டோபரில் வரும் பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீனுக்குப் படம் எடுக்க ஒரு கூட்டம் வரும். இலையுதிர் காலம் மாதிரி தெரிய, பச்சை மரங்களில் ஆரஞ்சு நிறக் காகித இலைகளைக் கட்டுவார்கள். கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கியும் ரப்பர் மூக்கும் மாட்டிக்கொண்டு நானும் அவளும் கும்பலோடு நிற்கும் சூனியக்காரிகள். பதினாலு வருடம் இப்படி நின்றோம்.

குடும்பத்தோடு பார்க்கிற படத்தில் சூனியக்காரி இஷ்டத்துக்கு ஆட முடியாது. கொப்பரையில் கொதிப்பது பூசணிக் கஞ்சிதான். யாரும் சாகக் கூடாது. நல்லவள் பிஸ்கட் சுடுவாள். கெட்டவள் பூசணிக் குவியலில் விழுந்து, கடைசியில் திருந்தி, எல்லோரையும் கட்டிப்பிடிப்பாள்.

அந்த வருடம் நல்ல சூனியக்காரி வேடத்துக்கு உள்ளூரிலேயே ஆள் எடுத்தார்கள். பன்னிரண்டு வசனம். அந்த வேடத்துக்கு நான் ஏங்கிய மாதிரி வேறு எதற்கும் ஏங்கியதில்லை, என் கல்யாணம் உட்பட. தேர்வு இதுதான்: ஐந்து வயதுக் குழந்தைகள் எட்டுப் பேரை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நம்மை விடுவார்கள். ஒரு குழந்தை அழுதாலும் வேடம் போச்சு.

டோரீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.

“பெர்னிஸ், உள்ள போய் என்னடி பண்றது? ஒண்ணுமே தோணல.”

“சிரி. அடித்தொண்டையிலேர்ந்து கெக்கெக்கேன்னு சிரி. பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்கும்.”

“நெஜமாவா?”

“உங்கிட்டப் போய் நான் பொய் சொல்லுவேனா?”

சொல்லுவேன். சொன்னேன்.

அவள் சிரித்தாள். முன்னால் இருந்த சிறுமி வீறிட்டு அழுதாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. டோரீன் பதறிப்போய் மண்டியிட்டு, தன் ரப்பர் மூக்கைப் பிய்த்து அந்தப் பிள்ளையின் மூக்கில் ஒட்டினாள்.

“இப்ப நீதான் சூனியக்காரி. என்னை என்னவா மாத்தப்போற, கண்ணு?”

பிள்ளை விசும்பிக்கொண்டே, “தவளையா,” என்றது.

அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு டோரீன் அறை முழுக்கத் தத்தினாள். எட்டுப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இதை அப்படியே படத்துல வெச்சுடலாம்,” என்றான் இயக்குநர் டெவன். பிறகு வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினான். “மேடம், அசையாதீங்க. இந்த முகம்தான் வேணும். பொறாமை பிடிச்ச அக்கா வேஷம் உங்களுக்கு.”

எனக்கு மூன்று வசனம்.

பூசணிக் குவியலில் ஒரே தடவையில் விழுந்துவிட்டேன். தங்கையாக நடித்த டோரீனைக் கட்டிப்பிடிக்கும் காட்சிதான் வரவில்லை. பதினோரு தடவை எடுத்தார்கள்.

“மேடம், சாக்கு மூட்டையத் தூக்கற மாதிரி இருக்கு,” என்றான் டெவன்.

பன்னிரண்டாவது தடவை டோரீன் என் காதோரம் முணுமுணுத்தாள். “அன்னிக்கு நீ எதுக்குச் சிரிக்கச் சொன்னேன்னு, அந்தப் பிள்ளை அழுதப்பவே புரிஞ்சுடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. ஒழுங்காப் பிடிடி, எனக்குக் கால் வலிக்குது.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தில் பூசிய பச்சை மை அவள் தோளெல்லாம் வழிந்தது. போதும் என்று டெவன் கை தட்டினான்.

அக்டோபர் வந்தால் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். அந்தக் காட்சியில் ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. டோரீன் என்னமாய் நடித்திருக்கிறாள் என்கிறார்கள். அவள் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். அழுதது நான்.