வாவிக்கரை மான்களுக்குக் காவல்

கல்லடிப் பாலத்தில் பாதித் தூரம் நடந்த பிறகும் கைகளிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. வாவித் தண்ணீரில் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் பார்த்தாயிற்று. மான் காவல் வேலையை விட்டுவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாவற்குடாப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

நகருக்குள்ளே, வாவியோரக் காணியொன்றில் புள்ளிமான்கள் நின்றன. யாரோ வளர்க்கக் கொண்டுவந்தவை. வேலி விழுந்தபின் தெருவுக்கு வந்து பெருகிவிட்டன. அவற்றைப் பராமரிக்க ஓர் ஒப்பந்தக்காரர் பொறுப்பெடுத்திருந்தார். எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராக வேலை தேடித் திரிந்த என்னிடம் ஒரு தடியும் விசிலும் தந்தார். மான்கள் வீதியில் ஏறாமல் மறிக்க வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும்.

குப்பை என்றால் சோற்றுப் பார்சல்தான். வீட்டில் ஆண்டுத் திவசம் வந்தால் சனம் மானுக்குச் சோறு கொண்டுவரும். மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் படாத சட்டியில் சமைத்து, பருப்பும் பூசணியும் வைத்து, லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றி, அப்படியே மானுக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். கறி ஊறிய தாளையும் மான் சேர்த்தே விழுங்கும். பிரித்துப் போடச் சொன்னால், செத்தவருக்குப் படைத்த சோறு மண்ணில் படக்கூடாது என்பார்கள்.

சினைமான் ஒன்று அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு ஒரு பக்கம் ஊதி, வாயில் நுரை வடிந்தது. மிருக வைத்தியர் வந்தால் தாயாவது தப்பும் என்று ஒப்பந்தக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு ஞாயிறு மனே, சனம் புள்ளைகளோட வாற நாள். அதுகள்ற கண்ணுக்கு முன்னால மானைக் கட்டி ஊசி போட்டா நல்லாவா இரிக்கும்? நாளைக்குப் பாப்பம்" என்றார். அதுவரைக்கும் அதை மரத்துக்குப் பின்னால் ஒதுக்கிவைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அது செத்துக் கிடந்தது. வைத்தியர் வயிற்றைக் கீற, நான் கையை விட்டு இழுத்தேன். கயிறுபோல் முறுகிய பொலித்தீன், புளித்த பருப்பு நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. உள்ளே கிடந்த குட்டிக்குப் புள்ளிகூட விழுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் பார்சலோடு வந்து இறங்கியது. வெள்ளைச் சேலை கட்டிய அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பொலித்தீனைத் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

"அது மீன்சோறு குடுத்த ஆக்கள்ற வேலை தம்பி. நாங்க சுத்தமான மரக்கறிதான் கொண்டுவந்த."

சொல்லிவிட்டு, சுற்றியபடியே பார்சலை அடுத்த மானுக்கு முன்னால் வைத்தார். மகன் அதைப் படம் எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பார்சலைப் பறித்தேன். வைத்தியரோடு வந்திருந்த ஒப்பந்தக்காரர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அதை வாங்கித் தன் கையாலேயே மானுக்கு வைத்தார். என்னைக் குழி வெட்டச் சொன்னார்.

வெட்டினேன். தாயையும் குட்டியையும் மூடிவிட்டு, விசிலை மரக்கொப்பில் கொழுவிவிட்டு நடந்தேன்.

அடுத்த நாள் காலை நாவற்குடாவில் புதுவீடு கட்டும் மேசன் ஒருவர், குழி வெட்டத் தெரியுமா என்று கேட்டார்.

"ஓம். நேத்தும் ஒண்டு வெட்டினன்" என்றேன்.

கக்கூஸ் குழி. அவர் காட்டிய இடத்தில் வெட்டத் தொடங்கினேன்.