அடுத்தவர் பெயரில் ஒரு ரிவ்யூ

தி. நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மேப்பில் தேடினால் எதிர்க் கடைக்குத்தான் ரிவ்யூ அதிகம். அந்த எரிச்சலில் நான் ஒரு காரியம் செய்துவந்தேன். ரிப்பேருக்கு வரும் போனைச் சோதிக்க லாக் நம்பர் வாங்குவோம். அதே போனிலிருந்து எங்கள் கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டு, புகழ்ந்து எழுதிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஒருநாள் அசோக் நகரிலிருந்து ஓர் அம்மா டிஸ்ப்ளே உடைந்த போனைக் கொடுத்துவிட்டுப் போனார். மாற்றினேன். வழக்கம்போல எழுதியும் வைத்தேன்.

மறுநாள் வந்தவர் தன் கையிலிருந்த இன்னொரு போனை என்னிடம் நீட்டினார். திரையில் நான் எழுதிய ரிவ்யூ, அதன் மேல் ஒருவர் சிரிக்கும் படம்.

"கடை தொறந்திருக்கான்னு மேப்புல பார்த்தேன் தம்பி. இது எங்க வீட்டுக்காரர் படம். அவர் தவறிப்போய் நாலு மாசம் ஆகுது. போட்டோவெல்லாம் எடுக்கத்தான் அவர் போனை உங்ககிட்ட கொடுத்தேன். நேத்து எழுதினதா காட்டுதே, தேதி தப்பா? முன்னாடி எப்பயாவது வந்தாரா? என்ன பேசினாரு?"

அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாம்மா எழுதினேன். இப்பவே அழிச்சிடறேன்" என்றேன்.

நீட்டிய போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வேணாம், நான் பார்த்துக்கிறேன்" என்று இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் யார் போனிலும் எழுதவில்லை. அவர் இன்னும் அதை அழிக்கவில்லை. கடையின் பக்கத்தைத் திறந்தால் அந்த மனிதர் சிரிக்கிறார். கீழே நான் எழுதியது இருக்கிறது: 'நல்ல சர்வீஸ். கண்டிப்பாக மறுபடியும் வருவேன்.'