அம்மை சொல்லி எடுத்த ஒரு வாரம்

ஷூ கம்பெனியில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். அம்மை போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சூப்பர்வைசர் போனிலேயே இரண்டடி தள்ளி நின்றவர் மாதிரி பேசினார். "ஒரு வாரந்தாம்மா. அடுத்த திங்கக்கெழம வரலன்னா பேர எடுத்துடுவாங்க, பாத்துக்கோ."

போனை வைத்தவுடன் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு.

நான் படித்தது பாலிடெக்னிக்கில் சிவில். கட்டிடத்துக்கு வரைபடம் போடத் தெரியும். ஆனால் ஆறு வருஷமாகச் செய்தது ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. விடியும் முன்பே மலைமேல் புதூர்நாட்டிலிருந்து என் கணவர் ஓட்டும் ஜீப்பில் பதினோரு பெண்கள் இறங்குவோம். அடிவாரத்தில் கம்பெனி பஸ் நிற்கும். ஜீப்பில் முன் சீட்டு என்னுடையது. அதுதான் ஆறு வருஷத்தில் நான் பெற்ற ஒரே பதவி.

சென்னையில் ஒரு கட்டிட வடிவமைப்பு அலுவலகம் எனக்கு ஒரு சோதனை வைத்தது. மாடி வீடு ஒன்றுக்கு முழு வரைபடம் போட்டு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை நான் மறுபடி முன் சீட்டு.

என்னிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் அந்த வரைபடத்தைத் திறக்கவே திணறியது. அதே போர்டில் இதைவிடப் பெரிய ப்ராசஸர் உட்காரும் என்றார் திருப்பத்தூரில் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதை ஜீப்பில் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலை நானே பெட்டியைத் திறந்து மாட்டினேன். அதற்கான புது விசிறி பெரிதாக இருந்தது. கொக்கியை மாட்டக் கை நுழையவில்லை. அதனால் மெமரித் துண்டுகள் இரண்டையும் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்துக்கொண்டேன். விசிறியை மாட்டி, வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் செய்கிறதைச் செய்துவிட்டு, மெமரியை மறுபடி அழுத்தி, சுவிட்சைப் போட்டேன். பறந்தது. படியில் துள்ளி இறங்குகிற ஆட்டுக்குட்டி மாதிரி பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரை நீலமாகி நின்றது.

மறுபடி எழுப்பினேன். போட்டிருந்த சுவர்களில் பாதியைக் காணோம். கோப்பு பழுதாகிவிட்டது என்று அது என்னிடமே சொல்கிறது. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். "இன்னாம்மா, புதுசு மெமரிய வேகமா இழுக்கும். செட்டிங்ஸ்ல போயி மெமரி வேகத்த ஒரு படி கொறச்சு வுடுங்க, நின்னுக்கும்."

செவ்வாய்க்கிழமை குறைத்தேன். இரண்டு மணி நேரம் ஓடியது. வரைபடத்தில் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டேன். மறுபடி நீலம். இன்னும் குறைத்தேன். வாசலுக்கு வந்து நின்றேன், உள்ளே போனேன், டீ வைத்தேன், குடிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கோப்பைச் சேமித்தேன். கை தன்பாட்டில் சேமிக்கும் பொத்தானைத் தேடிப் போனது. திட்டுவதற்கு ஆள் வேண்டும் போலிருந்தது. கடைக்காரருக்கே மறுபடி போட்டேன். செத்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

புதன்கிழமை மெமரியைச் சோதிக்கும் ஒரு மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. சவாரி முடித்துச் சாப்பிட வந்த என் கணவர் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாமே, இதுக்கும் அம்மை போட்ருச்சா? வேப்பல கட்டி வுடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க ஜீப்பு போட்ட குலுக்கல்லதான் இது போச்சு. மடியில வெச்சி எடுத்தாங்கன்னு சொன்னேன். தூக்கி டாஷ்போர்டு மேல போட்டுகினு வந்தா இன்னா ஆவும்?"

"ஆறு வருசமா உன்னிய ஏத்தினு போறேன். நீ இன்னா கழண்டா பூட்ட?"

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பானையில் சாமைச் சோறு பாதி மீந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. கம்ப்யூட்டருக்காக அழவில்லை. கம்பெனியில் என் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அது கண் முன்னால் வந்து நின்றது, அதற்காக அழுதேன்.

வியாழக்கிழமை காலை மலை முழுக்க மூடுபனி. அழுது முடித்தவளுக்குப் புத்தி கொஞ்சம் தெளிந்திருந்தது. மூன்று நாளாக நான் யார் மேல் தப்பு என்று தேடினேனே தவிர, எந்த இடத்தில் தப்பு என்று தேடவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டிச் சோதனையை ஓட்டினேன். அதிலும் சிவப்பு. ஆக, கடைக்காரர் மேல் தப்பில்லை. புதியதை மறுபடி மாட்டினேன். மெமரித் துண்டுகளில் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் செருகி ஓட்டினேன். சிவப்பு. அதை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே ஸ்லாட்டில் செருகினேன். அதுவும் சிவப்பு. இரண்டாவது ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. மெமரியில் கோளாறில்லை, ஸ்லாட்டில்தான் கோளாறு. ஒரே துண்டில் ஓட்டிவிடலாம் என்றால் என் வரைபடம் அந்தப் பாதி மெமரியில் திறக்காது.

போன் வெளிச்சத்தை முதல் ஸ்லாட்டுக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளேயும் சிவப்பு. பனி ஈரத்தில் நன்றாக ஊறி, பித்தளைப் பற்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டிருந்தது. குங்குமம்.

என் கணவர் தினமும் ஜீப்புக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வெளியே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவரை உள்ளிருந்தே கூப்பிட்டுக் கத்தினேன். "ஜீப்புக்கு குங்குமம் வெச்ச கையோட இத தொட்டீங்களா? என் பொழப்புல மண்ண போட்டுட்டீங்களே!"

அவர் பம்பைக் கையில் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றார். "அய்ய, நான் அந்தப் பொட்டியாண்டயே வர்ல. உன் போன எடுத்துப் பாரு. திங்கக்கெழம ஸ்டேட்டஸ் போட்டியே."

எடுத்துப் பார்த்தேன். புது விசிறி, அதன் நடு வட்டத்தில் அழகாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம் வைக்கிற ஒரு கை. என் வளையல். பக்கத்தில் செய்தித்தாளின் மேல் மெமரித் துண்டுகள் இரண்டும் கிடக்கின்றன. விரலுக்கு நேர் கீழே முதல் ஸ்லாட் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் உதிர்ந்த தூள்கூடத் தெரிகிறது. அறுபத்து மூன்று பேர் அதைப் பார்த்திருந்தார்கள், ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கும்தான்.

வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. "நான்தான்," என்றேன்.

"சரி வுடு, தள்ளு," என்று அவர் உள்ளே வந்தார். முதலில் புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் ஈரத்தை நான் தொட்டு எடுத்தேன். பிரஷ்ஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, சிவப்பு நிற்கும் வரை எடுத்தேன். பிறகு பெட்டியை வெயிலில் வைத்தோம், பனி விலகி வெயில் வந்திருந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு டயர் பம்பின் வாயை ஸ்லாட்டுக்குக் காட்டிப் பிடித்தார். நான் மிதித்தேன். மெல்ல, மெல்ல என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு துண்டுகளையும் செருகிச் சோதனையை ஓட்டினேன். திரை முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சவாரியை விட்டுவிட்டார் அன்று. ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.

கடைக்காரரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "தூசிங்க, சரியாய்டுச்சி, பேசனத மனசுல வெச்சிக்காதீங்க," என்றேன். "தூசிதான்மா பாதி நோவுக்கு காரணம்," என்றார் அவர். இன்றைக்கும் அவர் அது தூசி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு வரைபடத்தை அனுப்பினேன். டவர் ஒரு கோட்டில் நின்று உயிரை வாங்கியது. சனிக்கிழமை பதில் வந்தது. மாடிப்படியில் ஒரு படியின் உயரம் தப்பு, திருத்தி அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து வேலையை ஆரம்பியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தப்புக்கு யாரையும் திட்டவில்லை.

ஞாயிறு சாயங்காலம் என் கணவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டே கேட்டார். "முன் சீட்ட வேற யாருக்குனா குடுத்துடட்டா?"

"குடுத்துடுங்க," என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை வாசலில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என் சீட்டில் ஏறி, சாப்பாட்டுப் பையை நான் வைக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் ஹாரன் அடித்தார். இருட்டில் என் கால் தன்பாட்டில் செருப்பைத் தேடியது.